கல்லைப் படித்தவர்கள் – 9: பகல் 12.50க்கு ஒரு சாட்சி

எவரெஸ்ட் பற்றிய எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் நோயல் ஓடெல் என்ற பெயர் ஓரிரு பக்கத்தில் வந்து போகும். 1924இல் எவரெஸ்ட் உச்சியை நோக்கி ஏறித் திரும்பாமலே போன ஜார்ஜ் மலோரியையும் ஆண்ட்ரூ இர்வினையும் உயிரோடு கடைசியாகப் பார்த்தவர் என்பார்கள். அத்தோடு அவர் கதை முடிந்துவிடும். ஆனால் அந்தச் சில நிமிடங்களுக்கு முன்பே அவர் ஓர் உலகப் போரைப் பார்த்திருந்தார். அதற்குப் பிறகும் அறுபது ஆண்டுக்கு மேல் வாழ்ந்தார். பாரசீகம், கனடா, கிரீன்லாந்து, கர்வால், நியூசிலாந்து, பெஷாவர் என்று கையில் சுத்தியலோடு சுற்றினார். எவரெஸ்டில் அன்று அவர் அவசரமில்லாமல் ஏறிக்கொண்டிருந்ததற்குக் காரணமும் அந்தச் சுத்தியல்தான்.

1890ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று இங்கிலாந்தின் வைட் தீவில் பிறந்தவர் ஓடெல். லண்டன் இம்பீரியல் கல்லூரியின் அங்கமான ராயல் ஸ்கூல் ஆஃப் மைன்ஸில் படித்தார். 1851இல் தொடங்கிய அந்தக் கல்விக்கூடம், தங்கமும் தாமிரமும் வெள்ளீயமும் எடுக்கும் சுரங்கங்களுக்கு உலகெங்கும் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தது. அங்கே படித்தவர்கள் கடல் தாண்டி வேலைக்குப் போவது சாதாரணம். ஓடெலுக்கு முதலில் வாய்த்ததோ போர்முனை.

முதல் உலகப் போரில் ராயல் என்ஜினியர்ஸ் படையில் சேர்ந்தார். மண்ணையும் பாறையையும் அறிந்தவர்களுக்கு அந்தப் போரில் நல்ல கிராக்கி. பதுங்குகுழி வெட்டுவது, பாலம் போடுவது, தண்ணீர் கிடைக்கும் இடம் பார்ப்பது எல்லாம் அந்தப் படையின் வேலை. எதிரியின் காலடிக்குக் கீழே குடைந்துபோய் வெடிமருந்து அடுக்குவதற்கென்றே அதில் தனிப் பிரிவுகள் இருந்தன. 1917 ஜூன் 7 அதிகாலையில் பெல்ஜியத்தின் மெசின் மேட்டுக்கு அடியில் 19 இடங்களில் அவர்கள் வைத்த வெடிகள் மேட்டையே பெயர்த்தன.

ஓடெல் காயம்பட்டார், ஆனால் பிழைத்துத் திரும்பினார். போர் ஓய்ந்த மறு ஆண்டே, 1919இல், வேல்ஸ் நாட்டின் இத்வால் பாறைச் சரிவில் புதிய ஏறுவழி ஒன்றைக் கண்டுபிடித்தார். ‘டென்னிஸ் ஷூ’ என்ற பெயரில் இன்றும் அதில் ஆட்கள் ஏறுகிறார்கள்.

1922 முதல் 1925 வரை ஆங்கிலோ-பெர்ஷியன் ஆயில் கம்பெனியில் நிலவியலாளர் வேலை. இன்றைய பிபி நிறுவனத்தின் பழைய பெயர் இது. 1908இல் பாரசீகத்தின் மஸ்ஜித் சுலைமானில் எண்ணெய் பீறிட்ட பிறகு, அடுத்த கிணற்றை எங்கே தோண்டுவது என்று சொல்ல இப்படிப்பட்ட ஆட்கள் தேவைப்பட்டார்கள். எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது; துளையுள்ள பாறை வழியே மேலே மேலே ஏறும். பாறை அடுக்குகள் வில்போல் வளைந்து, மேலே நீர் புகாத ஒரு படலம் மூடியிருந்தால் அங்கேயே சிக்கிக்கொள்ளும். அந்த வளைவைத் தரைக்கு மேல் தெரியும் பாறைகளின் சாய்வை வைத்தே கண்டுபிடிக்க வேண்டும். மலை மலையாக நடந்து, சாய்வு அளந்து, படம் வரைய வேண்டும்.

அந்தப் படத்துக்கு ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. கண்ணால் பார்த்த எல்லையை முழுக்கோடாகப் போடுவார்கள். ஊகித்த எல்லை என்றால் விட்டுவிட்டு வரும் கோடு. இரண்டையும் குழப்பினால் கம்பெனிப் பணம் வெறும் குழியில் போகும்.

இந்தப் பயிற்சியோடுதான் ஓடெல் 1924இல் எவரெஸ்டுக்குப் போனார். முந்தைய ஆண்டு ஆர்க்டிக்கின் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவில் அவரோடு பனிச்சறுக்கு வண்டி இழுத்த கல்லூரி மாணவர்தான் இர்வின். அந்த இளைஞரை எவரெஸ்ட் குழுவுக்குச் சிபாரிசு செய்ததும் ஓடெலே. ஆக்ஸிஜன் கருவிகளின் பொறுப்பு அவரிடம் இருந்தது. ஆனால் அவற்றில் அவருக்கு அவ்வளவாக நம்பிக்கை கிடையாது. பழுது பார்க்கும் வேலையை இர்வினின் கை எடுத்துக்கொண்டது. உச்சிக்குப் போகும் நாள் வந்தபோது மலோரி தேர்ந்தெடுத்ததும் 22 வயது இர்வினைத்தான். உயரத்துக்குப் பழகி நல்ல தெம்போடு இருந்த 33 வயது ஓடெலுக்கு, பின்னால் துணைக்குப் போகும் பொறுப்பு.

ஜூன் 8 அன்று ஐந்தாம் முகாமிலிருந்து ஆறாம் முகாமுக்குத் தனியாகப் புறப்பட்டவர் நேர்வழியில் போகவில்லை. பாறை பார்த்துக்கொண்டே ஏறினார். சுண்ணாம்புக் கல்லில் புதைபடிவம் கண்டு மகிழ்ந்தார். எவரெஸ்டின் மேற்பகுதி ஒரு காலத்தில் கடலடியாக இருந்தது என்பதற்கான தடயம் அது. உச்சிப் பாறையும் 40 கோடி ஆண்டுக்கு மேல் பழைய கடற்சுண்ணாம்புக் கல்தான் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் உறுதி செய்தன.

சுமார் 7,900 மீட்டர் உயரத்தில் ஒரு சிறு பாறை முகட்டில் அவர் ஏறி நின்றபோது மேகம் விலகியது. மணி பகல் 12.50. மேலே, முகட்டுக் கோட்டில், ஒரு பாறைப் படிக்குக் கீழே பனியில் ஒரு கரும்புள்ளி நகர்ந்தது. பின்னால் இன்னொன்று. முதல் புள்ளி படியின் மேல் தோன்றியது. மேகம் மறுபடி மூடிக்கொண்டது.

ஆறாம் முகாமுக்குப் போனார். பனிப்புயலில் விசிலடித்தார், கூவிப் பார்த்தார். பதில் இல்லை. இறங்கியவர் மறுநாளே மறுபடி ஏறத் தொடங்கி, 10ஆம் தேதி ஆறாம் முகாமை எட்டினார். அது அவர் விட்டுவந்தபடியே கிடந்தது. இரண்டு தூக்கப்பைகளைப் பனியில் ‘டி’ எழுத்துபோல் விரித்துக் கீழே இருந்தவர்களுக்குச் செய்தி சொன்னார்: தடயம் ஒன்றும் இல்லை.

எந்தப் படி என்ற சண்டை அதன் பிறகு தொடங்கியது. முகட்டில் வரிசையாகப் பாறைப் படிகள் உண்டு. உச்சிக் கூம்புக்கு அருகில் இருக்கும் இரண்டாம் படிதான் என்பதுபோல் ஓடெல் முதலில் எழுதினார். அந்தப் படியின் மேற்பகுதி கிட்டத்தட்டச் செங்குத்து. 1975இல் சீனக் குழு அங்கே ஏணியே வைத்தது. சில நிமிடத்தில் யாராவது அதில் ஏற முடியுமா என்று கேட்டார்கள். முதல் படியாகவும் இருக்கலாம் என்று ஓடெலும் பின்னாளில் இறங்கிவந்தார். 1933இல் முதல் படிக்கும் கீழே ஒரு பனிக்கோடரி கிடைத்தது. இர்வினுடையது என்றே பலரும் நம்புகிறார்கள்.

நினைவு தடுமாறிவிட்டது, பாறையை ஆள் என்று நினைத்துவிட்டார் என்றுகூடச் சிலர் சொன்னார்கள். இரண்டு உருவங்கள் அசைந்தன என்பதில் மட்டும் ஓடெல் கடைசி வரை அசையவில்லை. அவர் தொழிலின் கணக்கில் அது முழுக்கோடு. எந்தப் படி என்பது விட்டுவிட்டு வரும் கோடு.

எவரெஸ்டுக்குப் பின் கனடாவில் ஆலோசகர், ஹார்வர்டில் ஆசிரியர், 1931இல் லாப்ரடார், 1933இல் வடகிழக்கு கிரீன்லாந்து. 1936இல் மறுபடி இமயம்: கர்வாலின் நந்தா தேவி, 7,816 மீட்டர். ஷெர்பாக்கள் பலர் நோயில் விழ, அவர்களில் கிதார் என்ற அனுபவசாலி இறந்தே போனார். ஏறுபவர்களே சுமை தூக்க வேண்டியதாயிற்று. உச்சி முயற்சிக்கு ஓடெலும் அமெரிக்கரான சார்லஸ் ஹூஸ்டனும் தேர்வானார்கள். கெட்டுப்போன டின் இறைச்சி ஹூஸ்டனைப் படுக்க வைத்தது. குழுவிலிருந்த பில் டில்மன் அந்த இடத்துக்கு வந்தார். ஆகஸ்ட் 29 அன்று உச்சியில் நின்ற இருவருமே முதல் உலகப் போரில் களம் கண்டவர்கள். ஓடெலுக்கு அப்போது 45 வயது. மனிதன் ஏறிய மிக உயரமான சிகரம் என்ற பெருமை, 1950இல் அன்னபூர்ணா வரும்வரை நந்தா தேவியிடமே இருந்தது.

இரண்டாம் உலகப் போர் மூண்டதும் ஐம்பதை நெருங்கிய வயதில் மறுபடி சீருடை. 1940 முதல் 1942 வரை இந்தியாவில் பெங்கால் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் படையில் இருந்தார். பிறகு நியூசிலாந்தின் ஒடாகோவிலும், 1960களின் தொடக்கத்தில் பெஷாவரிலும் நிலவியல் பேராசிரியர். 1987 பிப்ரவரி 21 அன்று 96ஆவது வயதில் இறந்தார்.

மலோரியின் உடல் 1999இல் கிடைத்தது. இர்வினின் பெயர் தைத்த காலுறையோடு ஒரு பாதம் 2024இல் ரோங்புக் பனியாற்றில் கிடைத்தது. அவர்கள் கொண்டுபோன கேமரா கிடைக்கவில்லை. உச்சியைத் தொட்டார்களா என்பதும் தெரியவில்லை. அந்த நாளின் கடைசிக் கண்கண்ட சாட்சி இன்றளவும் ஓடெல் ஒருவரே.

அடுத்த வாரம்: போலந்தின் எழுச்சியில் போரிட்டுத் தோற்று, பாரிஸில் சுரங்கக் கல்வி கற்று, சிலி நாட்டின் தாமிர மலைகளுக்குப் போய்ச் சேர்ந்த இக்னசி டொமெய்கோ.

(தொடரும்)