யானை வழியும் அலை வழியும்

ஆனைகட்டிக்காரன் கடலைப் பற்றி எழுதுவதா என்று நம் சங்கத்து நண்பர்கள் சிரிக்கக்கூடும். கொடுங்கரைப்பள்ளத்துக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு, இந்தப் பக்கம் கேரளம், சுற்றிலும் மலை. இதுதான் எங்கள் ஊர். அலையைப் பார்க்க வேண்டுமானால் மலையிறங்கி வெகுதூரம் போக வேண்டும். இருந்தும் இதை எழுத வைத்தவள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள்.

2025 ஆகஸ்டு மாதம் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்தது. ஆண்கள் பிரிவில் ரமேஷ் புதிஹால் வெண்கலப் பதக்கம் பெற்றார். அந்தப் போட்டியில் தனிநபர் பதக்கம் வாங்கிய முதல் இந்தியர் அவர்தான். பலகை மேல் நின்று அலையில் வழுக்கி வரும் அவருடைய படத்தை மகள் என்னிடம் கொண்டுவந்து காட்டினாள்.

"இவங்க குடும்பம் கர்நாடகத்திலிருந்து நம்ம கேரளக் கோவளத்துக்குப் பிழைக்க வந்தவங்களாம் அப்பா. நம்மள மாதிரியே ஊர் விட்டு ஊர் வந்தவங்க. நானும் கத்துக்கிட்டா என்ன?" என்றாள்.

"பொட்டப்புள்ளைக்கு எதுக்குங்க இந்த வேலை?" என்று என் மனைவி அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள். மாமல்லபுரத்துக் கமலி மூர்த்தி என்ற பெண் தேசியப் போட்டிகளில் கலக்குகிறாள் என்று மகளிடம் அதற்கும் பதில் தயாராக இருந்தது. நான் மட்டும் வாய் திறக்கவில்லை. என் தயக்கத்துக்குக் காரணம் வேறு.

1991-ஆம் ஆண்டு கல்லூரிச் சுற்றுலாவில் ஒரு கடற்கரைக்குப் போயிருந்தோம். ஐந்து பேரும் மலைநாட்டுப் பையன்கள். ஆற்றில் நீந்துவோம், கடல் புதிது. பெரிய அலைக்குப் பயந்து, அலையில்லாமல் அமைதியாக இருந்த இடமாகப் பார்த்து இறங்கினோம். இடுப்பளவு தண்ணீர்தான். திடீரென்று காலடி மணல் நழுவியது. கரை விலகி விலகிப் போனது. கரையை நோக்கி எவ்வளவு நீந்தியும் ஒரு முழம்கூட முன்னேற முடியவில்லை. கட்டுமரத்தில் வந்த ஒரு மீனவப் பெரியவர் எங்களில் நான்கு பேரைப் பிடித்து ஏற்றினார். ஐந்தாமவனை மறுநாள்தான் கரை சேர்த்தார்கள். அவன் தாயாருக்கு என்ன சொன்னோம் என்பது இன்று எனக்கு நினைவில்லை. அந்த அம்மாவின் முகம் மட்டும் நினைவிருக்கிறது.

அன்று முதல் எங்கள் வீட்டில் ஒரு சட்டம்: கடலை மணலில் நின்றுதான் பார்க்க வேண்டும். ஏன் என்று மகளுக்கு நான் சொன்னதில்லை. அன்றிரவு சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவள், "அப்படின்னா கடலைத் தெரிஞ்சவங்ககிட்டப் போய்க் கேட்கலாமேப்பா" என்றாள். இதற்கு மறுப்புச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஓண விடுமுறை வந்தது. கோவளம் என்ற பெயரில் இரண்டு ஊர்கள் உண்டு என்பது வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். திருவனந்தபுரத்துக் கோவளத்தில் 2005-இல் தொடங்கிய அலைச்சறுக்கு மன்றத்தில்தான் ரமேஷ் பயின்றார். ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று முழுமையாக ஓயாத நாட்களில் அரபிக்கடல் முரட்டுத்தனமாக இருக்கும், கற்றுக்குட்டிகளுக்கு ஆகாது. எனவே சென்னைக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டரில் கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள கோவளத்துக்குச் செல்வதென்று முடிவாயிற்று. கோயம்புத்தூரில் சேரன் எக்ஸ்பிரஸ் ஏறினோம். சென்னையில் மைத்துனர் வீட்டில் குளித்துவிட்டுப் புறப்பட்டோம்.

அது மீனவர் ஊர். அங்கே மூர்த்தி மேகவன் என்ற மீனவர் 2012-இல் நண்பர்களின் துணையோடு ஓர் அலைச்சறுக்குப் பள்ளியைத் தொடங்கினார். குடியும் புகையும் கூடாது என்ற கண்டிப்போடு ஊர்ப் பிள்ளைகளைப் பழக்கினார். இன்று அந்தக் கரையில் பல பள்ளிகள் உள்ளன. நாங்கள் சென்ற இடத்தில் மகளுக்குப் பயிற்சி தர வந்த தம்பிக்கு இருபத்தைந்து வயதிருக்கும், அவரும் மீனவர் வீட்டுப் பிள்ளைதான். "பாப்பாவுக்கு நீச்சல் தெரியுமா சார்?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. பவானி ஆற்றில் பழகியவள் என்றேன்.

"நீங்களே சொல்லுங்க சார், இந்தக் கரையில எந்த எடத்துல எறங்குவீங்க?" என்றார் அடுத்தாற்போல்.

ஒரு பக்கம் அலைகள் வரிசையாக உடைந்து வெள்ளை நுரையாக வந்தன. சற்றுத் தள்ளி ஒரு பட்டை மட்டும் அலையே இல்லாமல் கருநீலமாக அமைதியாக இருந்தது. அதைக் காட்டினேன்.

அவர் தலையாட்டினார். "எல்லாரும் அதத்தான் சார் காட்டுவாங்க. அங்கதான் வாரி இழுக்கும்."

முப்பத்து நான்கு ஆண்டுகளாக எனக்கு விளங்காதது அந்த ஒரு வாக்கியத்தில் விளங்கிற்று. அவர் மணலில் கோடு போட்டுக் காட்டினார். கரைக்குச் சற்று அப்பால் கடலடியில் மணல் திட்டுகள் இருக்கும். அலை அந்தத் திட்டில் தடுக்கித்தான் உடைகிறது. உடைந்து கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போக வேண்டுமல்லவா? இரண்டு திட்டுகளுக்கு இடையிலுள்ள பள்ளம் வழியாக வாய்க்கால்போலப் பாய்ந்து அது வெளியேறுகிறது. பள்ளத்தில் ஆழம் அதிகம், ஆகவே அங்கே அலை உடைவதில்லை. பார்வைக்கு அது அமைதி, உள்ளே ஆற்று வெள்ளம். அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி நீந்தினால் களைத்துப் போவார். பதறாமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் சிறிது தூரத்தில் இழுப்பு விட்டுவிடும். பிறகு அலையே நம்மைக் கரைக்குத் தள்ளும். நீந்த முடியாவிட்டால் மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும்.

இது தெரிந்திருந்தால் என் நண்பன் இன்று பேரன் பேத்தி எடுத்திருப்பான்.

பாடம் கரையிலேயே ஆரம்பித்தது. மணலில் பலகையை வைத்துக் குப்புறப் படுத்து, கைகளால் துழாவி, இரு கைகளையும் ஊன்றி ஒரே எழும்பலில் நிற்க வேண்டும். புதியவர்களுக்கு மேலே மெத்தென்ற பெரிய பலகை தருகிறார்கள். அதன் கயிற்றைக் கணுக்காலில் கட்டிவிடுகிறார்கள். விழுந்தாலும் பலகை கைவிட்டுப் போகாது. முதலில் உடைந்து நுரையாகி வரும் சிறு அலைகளில்தான் பழக்கம்.

அந்த அலைகள் எங்கிருந்து வருகின்றன தெரியுமா? தெற்கே வெகு தொலைவில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் புயல்காற்றில் பிறந்து, நாட்கணக்கில் பயணம் செய்து நம் கரையில் வந்து உடைபவையும் அவற்றில் உண்டு. அதையும் அந்தத் தம்பிதான் சொன்னார்.

அலைச்சறுக்கின் தாயகம் ஹவாய்த் தீவுகள் உள்ளிட்ட பசிபிக் தீவுகள். ஹவாயைச் சேர்ந்த நீச்சல் வீரர் டியூக் கஹனமோக்கு 1914-இல் ஆஸ்திரேலியாவில் செய்து காட்டிய பிறகு அங்கே அது பரவிற்று. டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021-இல், முதன்முறையாக இடம்பெற்றது. ஆனால் அலையை ஏறிக் கடக்கும் வித்தை நம்மவர்களுக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகம் கட்டப்படும் வரை சென்னைக்கு வந்த கப்பல்கள் அலைக்கு அப்பால்தான் நின்றன. ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் பயணிகளைக் கரை சேர்த்தவர்களும், படகு கவிழ்ந்தால் தூக்கிவிடக் கட்டுமரத்தில் கூடவே வந்தவர்களும் நம் மீனவர்கள். ஆங்கில அகராதியில் இருக்கும் 'கட்டமரான்' நம் கட்டுமரம்தான். என்னைத் தூக்கிய பெரியவரும் அந்த வழியில் வந்தவரே.

மகள் பத்துப் பன்னிரண்டு முறை விழுந்தாள். உப்புத் தண்ணீர் குடித்து இருமினாள். நான் இடுப்பளவு நீரில் நின்றுகொண்டிருந்தேன். கடலில் கால் வைத்து முப்பத்து நான்கு ஆண்டுகள்! ஒரு நுரையலையில் தம்பி பலகையைத் தள்ளிவிட, அவள் எழுந்து நின்றாள். மூன்று விநாடி இருக்கலாம். "அப்பா, திர!" என்று கத்தினாள். பள்ளிக்கூடத்து மலையாளம் வாயில் வந்துவிட்டது. அது நம் பழந்தமிழ்த் 'திரை'தானே என்று பிறகு சொல்லிச் சிரித்தேன். அப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டது கடல்நீர்பட்டதால் என்று அவள் நினைத்திருப்பாள்.

அன்பர்களே, எங்கள் ஊர்ப் பெயரிலேயே யானை இருக்கிறது. யானைக்கு அஞ்சி நாங்கள் பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டி வைப்பதில்லை. அது வரும் வழி எது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எந்த நேரத்தில் எங்கே போகக் கூடாது என்று சொல்லிக்கொடுத்துத்தான் வளர்க்கிறோம். ஆற்றில் தண்ணீர் கலங்கி இலைதழை மிதந்து வந்தால் கரையேறு என்றும் சொல்லியிருக்கிறோம். கடலுக்கு மட்டும் ஏன் வெறும் பயத்தைக் கொடுத்தோம்?

விடுமுறை வந்தால் நம் குடும்பங்கள் கடற்கரைக்குப் போகாமல் இருப்பதில்லை. பிள்ளைகளுக்கு முதலில் நீச்சல் கற்றுக்கொடுங்கள். சிவப்புக் கொடி பறக்கும் இடத்தில் இறங்காதீர்கள். உள்ளூர் மீனவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். அலையில்லாத அந்த அமைதியான பட்டையைப் பிள்ளைகளுக்குக் காட்டி, இதுதான் யானை வழி என்று சொல்லிவையுங்கள்.

ஊர் திரும்பியதும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "அடுத்த லீவுக்கு நானும் வரலாமுங்களா?" என்பதுதான்.