மிகைநேர உழைப்பும் வருமான வரியும்

வாளையாற்றைத் தாண்டி மேற்கே வந்தால், பாலக்காட்டுக் கணவாயின் காற்று ஓயாது வீசும் கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டை. அங்கே பணிமுறை மாறும் வேளையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "ஓ.டி. பாத்து என்னங்க, அத்தனையும் டேக்ஸ்லயே போயிருதுங்க." இக்கூற்று பெரும்பாலோர்க்குப் பொருந்தாதது. மிகச் சிலர்க்கோ எழுத்துக்கு எழுத்து உண்மையானது. யார்க்கு எது என்பதைத் தாளும் எழுதுகோலும் கொண்டே அளந்துவிடலாம். அளக்காமல் அஞ்சுகிறவர், சட்டம் தமக்கென வகுத்துத் தந்த இரட்டைக் கூலியை வீணே கைவிடுகிறார்.

நாளொன்றுக்கு 9 மணிநேரத்துக்கோ, வாரத்துக்கு 48 மணிநேரத்துக்கோ மேற்பட்ட வேலைக்கு இருமடங்குக் கூலி தரவேண்டும் என்றது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். தேயிலை, ஏலம், இரப்பர்த் தோட்டங்களுக்கென வந்த 1951ஆம் ஆண்டுச் சட்டமும் இருமடங்கையே விதித்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் இருமடங்கு விதி நீடிக்கிறது. வருமான வரிச் சட்டத்துக்கோ மிகைநேரக் கூலி என்று தனியே ஒன்று இல்லை. அதுவும் சம்பளம், அவ்வளவே. அதற்கெனத் தனி விகிதமும் கிடையாது.

மாதம் 20,000 ரூபாய் பெறும் ஆலைத் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாதத்துக்கு 26 நாள், நாளுக்கு 8 மணி என்று வகுத்தால் ஒரு மணிநேரக் கூலி 96 ரூபாய், மிகைநேரத்துக்கு 192. பழைய சட்டம் காலாண்டுக்கு விதித்த 50 மணிநேர எல்லை வரை அவர் உழைத்தால் ஆண்டுக்கு 200 மணிநேரம், ஏறத்தாழ 38,460 ரூபாய். அவருடைய மொத்த ஆண்டு வருமானம் 2,78,460. இதில் வருமான வரி ஒரு காசும் இல்லை. மிகைநேரக் கூலியிலிருந்து வருங்கால வைப்பு நிதிக்குப் பிடித்தம் கிடையாது. ஈ.எஸ்.ஐ.க்கு முக்கால் விழுக்காடு பிடித்தாலும் அது 288 ரூபாய்தான். இனி, பலர் கவனியாத ஒன்று உண்டு. கஞ்சிக்கோடு அடங்கிய புதுச்சேரி ஊராட்சி வாங்கும் தொழில்வரியில், அரையாண்டு வருமானம் 1,25,000 ரூபாயைத் தொட்டால் வரி 1,000 ரூபாயிலிருந்து 1,250 ஆகும். நம் தொழிலாளி மிகைநேரப் பணியால் அந்த எல்லையைத் தாண்டுகிறார். ஆண்டுக்கு 500 ரூபாய் கூடுகிறது. எல்லாம் சேர்த்து 38,460 ரூபாயில் அவர் இழப்பது மிஞ்சிப்போனால் 788, நூற்றுக்கு இரண்டு. "அத்தனையும்" என்ற சொல்லுக்கு இங்கே இடமே இல்லை.

அச்சத்தின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. "அடுத்த அடுக்குக்குப் போய்விட்டால் முழுச் சம்பளத்துக்கும் அந்த விகிதமே விழும்" என்று கருதுவோர் மிகப் பலர். அது தவறு. 2025-26 நிதியாண்டின் புதிய முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை; அடுத்த ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5, 10, 15, 20, 25 என்று விகிதம் ஏறி, 24 லட்சத்துக்கு மேல் 30 விழுக்காட்டில் நிற்கும். உயர்ந்த விகிதம் அந்த அடுக்கில் விழும் பணத்தை மட்டுமே தொடும். கீழடுக்கில் உள்ளதைத் தொடாது. வரிக்குரிய வருமானம் 16,00,000 ஆக உள்ளவர் இன்னும் 10,000 ரூபாய் ஈட்டினால், 20 விழுக்காட்டு வரியும் அதன்மேல் 4 விழுக்காட்டு மேல்வரியுமாக 2,080 போகும். 7,920 கையில் நிற்கும். அவருடைய வழக்கமான கூலியில் ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் மிகைநேரத்தில் 200. வரி போக 158 ரூபாய் 40 காசு. கடைசியாகச் சேரும் ஒரு ரூபாயின்மேல் விழும் இவ்விகிதத்தைப் பொருளியலார் விளிம்பு வரி விகிதம் என்பர். மிகைநேரம் உழைப்பதா வேண்டாமா என்ற கேள்விக்கு விடை தருவது இதுவே. மொத்த வரியை மொத்தச் சம்பளத்தால் வகுத்து வரும் சராசரி விகிதம் அன்று.

சம்பளச் சீட்டும் இம்மயக்கத்தை வளர்க்கிறது. முதலாளி ஆண்டு முழுமைக்குமான வருமானத்தை மதிப்பிட்டு, வரியை மாதங்களுக்குப் பங்கிட்டுப் பிடிக்கிறார். திசம்பரில் மிகைநேரப் பணி குவிந்தால் ஆண்டு மதிப்பீடு உயரும். உயர்ந்த வரி முழுதும் எஞ்சிய மூன்று மாதங்களின்மேல் இறங்கும். பிப்ரவரிச் சீட்டைப் பிரித்துப் பார்ப்பவர் கண்ணில் படுவது அந்தப் பெரிய பிடித்தம் மட்டுமே. அவர் அன்று காண்பது ஓர் ஆண்டின் வரி, ஒரு மாதத்தின் தோற்றத்தில்.

இனி, அச்சம் உண்மையாகும் இடத்துக்கு வருவோம். வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரை உள்ளவர்க்கு, அடுக்குக் கணக்கில் வரும் 60,000 ரூபாய் வரி முழுதும் தள்ளுபடியாகிறது. 75,000 ரூபாய் நிலைக்கழிவைச் சேர்த்தால், 12,75,000 ரூபாய் வரை சம்பளம் பெறுபவர்க்கு வரியே இல்லை. அதற்கு மேல் ஒரு ரூபாய் ஏறினாலும் தள்ளுபடி நீங்கும். திடீரென 60,000 விழுந்துவிடக் கூடாது என்பதற்காக விளிம்புச் சலுகை ஒன்றைச் சட்டம் வைத்தது: 12 லட்சத்துக்கு மேல் எவ்வளவு கூடியதோ, வரி அதனை விஞ்சாது. நல்லெண்ணத்தில் வைத்த விதிதான். ஆனால் அதன் பொருள், கூடுதலாக ஈட்டிய ஒவ்வொரு ரூபாயும் முழுதாக வரிக்குப் போகிறது என்பதே. அதன்மேல் 4 விழுக்காட்டு மேல்வரியும் உண்டு. எனவே 10,000 ரூபாய்க்கு மிகைநேரம் உழைத்தவர் 10,400 ரூபாய் வரி கட்டுகிறார். விளிம்பு விகிதம் 104.

மாதம் 1,06,250 ரூபாய் பெறும் மூத்த தொழில்நுட்பர் ஒருவர், மணிக்கு ஏறத்தாழ 1,020 ரூபாய் வீதம் 69 மணிநேரம் கூடுதலாக உழைத்து 70,000 ரூபாய் ஈட்டுகிறார் என்க. அவர் செலுத்தும் வரி 72,800. அறுபத்தொன்பது மணிநேர உழைப்பின் பயன் 2,800 ரூபாய் இழப்பு. மிகைநேரக் கூலி 73,934 ரூபாயைத் தாண்டிய பின்னரே அவர் கையில் முதல் ரூபாய் நிற்கும். அதன்பின் ரூபாய்க்கு 15.6 காசு மட்டுமே வரி. பொதுத்துறை ஆலையிலோ, இரயில்வேயிலோ, மின்வாரியத்திலோ நெடுங்காலம் பணி செய்தவர்க்கு எட்டக்கூடிய ஊதியமே இது. 1973-74இல் இந்தியாவின் உச்ச வரி விகிதம் 97.75 விழுக்காடாக இருந்ததை இன்றும் வியந்து பேசுகிறோம். அன்று பெருஞ்செல்வர்மேல் விழுந்த அவ்விகிதத்தை விடக் கூடிய ஒன்று, இன்று ஒரு குறுகிய இடைவெளியில் நிற்கும் உழைப்பாளியின்மேல் விழுகிறது. பழைய வரிமுறையைத் தேர்ந்தவர்க்கோ நிலை இன்னும் கடிது: வரிக்குரிய வருமானம் 5,00,000 என்றால் வரி இல்லை, 5,00,010 என்றால் ஏறத்தாழ 13,000. அங்கே விளிம்புச் சலுகையும் இல்லை.

இத்தகைய செங்குத்துப் படிகள் மாந்தர் நடத்தையை மாற்றுவது ஆய்வில் தெளிவுற்ற செய்தி. பாகிசுத்தானின் வருமான வரி ஒரு காலத்தில் இவ்வாறே படிப்படியாய்த் தாவியது. ஒவ்வொரு படிக்கும் சற்றுக் கீழே வரி செலுத்துவோர் திரண்டு நின்றதையும், படிக்குச் சற்று மேலே ஆள் குறைந்திருந்ததையும் கிளெவன், வசீம் என்னும் பொருளியலார் இருவர் 2013இல் காட்டினர். ஆனால் வரியைக் குறைத்தால் உழைப்பு பெருகிவிடும் என்று இதிலிருந்து முடிவு கட்டவும் இயலாது. ஒரு மணிநேரத்தின் பயன் குறைந்தால் ஓய்வை நாடுவது மனித இயல்பு. வீட்டுச் செலவை ஈடுகட்ட இன்னும் கூடுதலாக உழைப்பதும் மனித இயல்பே. இவ்விரண்டில் எது வெல்லும் என்பதைக் கோட்பாடு மட்டுமே கொண்டு சொல்ல முடியாது என்று பொருளியலார் இலயனல் இராபின்சு 1930இலேயே நிறுவினார். 2007 அக்டோபரில் பிரான்சு நாடு மிகைநேரக் கூலிக்கு வரிவிலக்கு அளித்தது. எல்லை கடந்து வேறு நாட்டில் பணி செய்வோரை ஒப்புநோக்கிக் கயுக், கார்சிலோ என்னும் பொருளியலார் இருவர் ஆராய்ந்தபோது, உழைத்த நேரம் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. உயர்தகுதிப் பணியாளர் கணக்கில் காட்டிய மிகைநேரமே கூடியிருந்தது.

கணவாயை விட்டு மூணாற்று மலைக்கு ஏறினால் கணக்கே வேறு. 2015இல் தேயிலைத் தோட்டப் பெண்ணின் நாட்கூலி 232 ரூபாய். 300 நாள் உழைத்தாலும் 69,600. அன்றைய வரிவிலக்கு எல்லையோ இரண்டரை லட்சம். வருமான வரி அந்தத் தொழிலாளர் குடியிருப்பு லயங்களின் வாசலை எட்டிப் பார்த்ததே இல்லை. அவர்க்கு மிகையுழைப்பு என்பது கடிகாரத்தில் இல்லை, எடைத் தராசில் இருக்கிறது: நாளுக்கு வகுத்த அளவுக்கு மேல் கிள்ளும் கொழுந்துக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று தனிக்காசு. அவ்வாண்டு செப்டம்பரில் போனசு 20 விழுக்காட்டிலிருந்து 10 ஆகக் குறைந்தபோது, தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் மூணாற்றுச் சாலையில் அமர்ந்தனர். பெம்பிளை ஒருமை என்று அந்த எழுச்சி பெயர் பெற்றது. அதன்பின் நாட்கூலி 301 ரூபாயாக உயர்ந்தது. கூடவே நாளுக்குக் கிள்ள வேண்டிய அளவு 21 கிலோவிலிருந்து 25 கிலோவாக உயர்ந்தது. நாட்கூலி ஏறியது ஏறத்தாழ 30 விழுக்காடு. கிலோவுக்கு எவ்வளவு என்று பார்த்தால் 11 ரூபாய் 5 காசிலிருந்து 12 ரூபாய் 4 காசு, 9 விழுக்காடுதான். முன்பு தனிக்காசு பெற்ற நான்கு கிலோ, அடிப்படை அளவுக்குள் போய்விட்டது. வரி என்ற பெயர் இல்லாத வரி இது. இதற்கு விலக்கு எல்லையும் இல்லை, தள்ளுபடியும் இல்லை. வருமான வரியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் இதைக் காணத் தவறிவிடுவோம்.

போடிமெட்டு வழியாகவும் கம்பமெட்டு வழியாகவும் தேனியிலிருந்து நாள்தோறும் உடும்பன்சோலை ஏலத்தோட்டங்களுக்கு வருவோர்க்கு, வரி அன்று, ஊர் திரும்பும் ஜீப் புறப்படும் நேரமே உழைப்பின் எல்லை. வருமான வரிக்கு வெளியே இன்னொரு செங்குத்துப் படியும் ஏழைக் குடும்பங்களைச் சுடுகிறது: கேரளத்தில் முன்னுரிமை ரேஷன் அட்டைக்குக் குடும்ப வருமானம் மாதம் 25,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. முன்னே கண்ட ஆலைத் தொழிலாளி மிகைநேரக் கூலியோடு மாதம் 23,200 பெறுகிறார். அவர் மனைவி ஈராயிரம் ஈட்டினாலே அந்த அட்டைக்கு ஆபத்து.

விளிம்புச் சலுகையை ரூபாய்க்கு ஒரு ரூபாய் என்றில்லாமல் ரூபாய்க்கு 50 காசு என்று நாடாளுமன்றம் திருத்தினால் போதும். 12 லட்சத்தில் நிற்கும் சுவர், 13.71 லட்சம் வரை நீளும் சரிவாகிவிடும். உழைத்தவர் கையில் ஏறத்தாழப் பாதி மிஞ்சும். அத்திருத்தத்தைத் தொழிற்சங்கங்கள் உரத்துக் கேட்க வேண்டும். அதுவரை, ஆலைத் தோழர்களே, சனவரியிலேயே கணக்குப் பிரிவில் ஆண்டு மதிப்பீட்டைக் கேட்டு வாங்குங்கள். அது 12,75,000-க்கும் 13,48,934-க்கும் இடையே நின்றால், தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் முதலாளியின் பங்கைக் கூட்ட வழியுண்டா என்று பாருங்கள். புதிய முறையிலும் அதற்குக் கழிவு உண்டு. வழி இல்லையெனில் அவ்வாண்டு ஓய்வெடுங்கள். புதிய முறையில் உள்ள மற்றவர் எவரும் வருமான வரிக்கு அஞ்சி ஓ.டி.யை மறுக்க வேண்டியதில்லை.