மாட்டின் காலுக்கு அடித்த மருந்து

1998 டிசம்பரில் கிழக்கு உகாண்டாவின் சொரோட்டி மாவட்டத்து மருத்துவமனைகளுக்குப் புதுவிதமான காய்ச்சல்காரர்கள் வரத் தொடங்கினார்கள். மலேரியா மாத்திரைக்கு இறங்காத காய்ச்சல். நாள் செல்லச் செல்லப் பேச்சு குழறியது. பகலில் தூக்கம் சொக்கியது, இரவில் கண் மூடவில்லை. தெற்கே விக்டோரியா ஏரியை ஒட்டிய ஊர்களில் இது பழைய பகை. தூக்க நோய் என்றால் அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சொரோட்டியிலோ அதற்கு முன் அந்த நோய் பதிவானதே இல்லை.

ஆய்வாளர்கள் நோய் வந்த வீடுகளையும் வராத வீடுகளையும் வரைபடத்தில் குறித்துப் பார்த்தார்கள். நோயாளிகளின் வீடுகள் ஒரு மாட்டுச் சந்தையின் பக்கமாக நெருங்கிக் கிடந்தன. சந்தைக் கணக்கைப் புரட்டினால், விலைபோன மாடுகளில் பாதிக்கு மேல் நோய் நிலவும் மாவட்டங்களிலிருந்து ஓட்டிவரப்பட்டவை. 1980களின் உள்நாட்டுச் சண்டையிலும் மாட்டுக் கொள்ளையிலும் அந்த வட்டாரம் தன் மந்தைகளைப் பறிகொடுத்திருந்தது. அமைதி திரும்பியதும் ஜனங்கள் மறுபடியும் மாடு வாங்கினார்கள். மாட்டோடு டிரிப்பனோசோம் என்ற ஒட்டுண்ணியும் வந்து இறங்கியது. அதைப் பரப்பும் செட்சி ஈ ஏற்கெனவே உள்ளூரில் இருந்தது. அவ்வளவு போதும்.

வந்த மாடுகள் மெலிந்து, மூக்கு ஒழுகி, தலை தொங்கி நின்றிருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். ஆனால் இந்த ஒட்டுண்ணியைச் சுமக்கும் உள்ளூர்த் திமில் மாடுகள் பெரும்பாலும் நன்றாகவே மேயும், உழும். இன்னொரு சிக்கலும் உண்டு. மாட்டின் ரத்தத்தில் நெளியும் டிரிப்பனோசோம் வகைகளில் ஒன்று கால்நடையோடு நின்றுவிடும், மனிதனை ஒன்றும் செய்யாது. அதன் உடன்பிறப்பான ரொடீசிய வகை, மனிதனைச் சில மாதங்களில் கொன்றுவிடும். நுண்ணோக்கியில் இரண்டும் அச்சு அசல் ஒன்று. ஒரு காலத்தில் இவற்றைப் பிரித்தறியக் கையாண்ட வழி, மனிதத் தன்னார்வலரின் உடலில் ஏற்றிப் பார்ப்பது. 1958இல் கென்யாவில் ஒரு புதர்மானின் ரத்தத்தில் கண்ட ஒட்டுண்ணி மனிதனுக்கும் ஆபத்தானது என்பதை அப்படித்தான் நிரூபித்தார்கள். இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் அதற்குக் கையெழுத்துப் போடாது.

விடை மனித ரத்தத்திலேயே இருந்தது. அபோஎல்1 என்ற புரதம் நம் ரத்தத்தில் ஓடுகிறது; சாதாரண டிரிப்பனோசோம் உள்ளே வந்தால் அதைத் துளைத்துக் கொன்றுவிடும். ரொடீசிய வகையிடம் அந்தப் புரதத்தைப் பிடித்து முடக்கும் ஒரு மரபணு கூடுதலாக இருக்கிறது. எஸ்ஆர்ஏ என்று அதற்குப் பெயர். அந்த மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை 2001இல் சொரோட்டி மாடுகளிடம் செய்து பார்க்கப்பட்டது. எந்த மாடு வெறும் மாட்டு நோயைச் சுமக்கிறது, எது மனித நோயைச் சுமக்கிறது என்று முதன்முறையாக மந்தையிலேயே பிரித்துச் சொல்ல முடிந்தது.

அபோஎல்1 எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சாட்சி இந்தியாவிலிருந்து கிடைத்தது. செட்சி ஈ இங்கே கிடையாது. ஆனால் குதிரை ஈ கடித்து அப்படியே அடுத்த விலங்குக்குக் கடத்தும் சர்ரா என்ற டிரிப்பனோசோம் நோய் நம் குதிரை, ஒட்டகம், எருமை, நாய் எல்லாவற்றுக்கும் வரும். ஒடிசாவின் நந்தன்கானன் உயிரியல் பூங்காவில் 2000ஆம் ஆண்டு சில நாள்களுக்குள் ஒரு டஜன் புலிகள் செத்தபோது அடிபட்ட பெயரும் இதுதான். மனிதனுக்கு இது வராது என்பதே பாடப்புத்தகம். 2004இல் மகாராஷ்டிரத்தின் சந்திரப்பூர் மாவட்டத்தில் மாடு வளர்க்கும் விவசாயி ஒருவருக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல். ரத்தப் பூச்சைப் பார்த்த ஆய்வகத்தில் மலேரியாவுக்குப் பதிலாக சர்ரா ஒட்டுண்ணி நெளிந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு சுராமின் மருந்து கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். பிறகு ஆராய்ந்தபோது அவருடைய உடலில் அபோஎல்1 மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதாகியிருந்தது தெரிந்தது. ஊரார் சுமார் 1,800 பேரின் ரத்தத்தையும் சோதித்தார்கள். பலருக்கு எதிர்ப்பொருள் இருந்தது, ஒருவரிடமும் ஒட்டுண்ணி இல்லை. ஈ பலரையும் கடித்திருக்கிறது; காவல் அவர் ஒருவரிடம்தான் இல்லை.

இந்த நோய்க் குடும்பத்தில் கால்நடை மருத்துவர் ஒரு படி முன்னால் நிற்பது புதிதல்ல. 1880இல் அன்றைய பஞ்சாபின் தேரா இஸ்மாயில் கானில் ராணுவக் குதிரைகளும் ஒட்டகங்களும் சர்ராவில் மடிந்துகொண்டிருந்தன. கிரிஃபித் எவன்ஸ் என்ற வேல்ஸ்காரக் கால்நடை மருத்துவர் அவற்றின் ரத்தத்தில் ஒட்டுண்ணியைக் கண்டார். இதுதான் கொல்கிறது என்றார். மேலிடம் ஏற்கவில்லை. எலிகளின் ரத்தத்தில் இதே மாதிரியான ஒன்றைக் கல்கத்தாவில் சில ஆண்டுகளுக்கு முன்பே பார்த்து, தீங்கற்றது என்று முடிவு கட்டியிருந்தார்கள். எவன்ஸ் 100 வயது வரை வாழ்ந்தார், தன் கூற்று பாடமானதைக் கண்ணால் பார்த்தார். தென்னாப்பிரிக்காவின் ஜூலுலாந்தில் உபோம்போ குன்றில் டேவிட் புரூஸ் என்ற ராணுவ மருத்துவர் தன் மனைவி மேரியின் துணையோடு, 1894க்குப் பிறகு, மாடுகளைக் கொல்லும் நகானா நோயின் ஒட்டுண்ணியையும் செட்சி ஈயின் பங்கையும் கண்டறிந்தார். மனித ரத்தத்தில் டிரிப்பனோசோம் அகப்பட 1901 ஆயிற்று, அதுவும் காம்பியாவில் ஒரு படகுக் கேப்டனிடம். அந்த நேரத்தில் விக்டோரியா ஏரிக் கரையில் பெருங்கொள்ளை நோய் தொடங்கிவிட்டிருந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் அங்கே இரண்டரை லட்சம் பேர் மாண்டிருப்பார்கள் என்று மதிப்பிடுகிறார்கள்.

மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் இருப்பது காம்பிய வகை. நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் இதனால் பாதிக்கப்பட்டவர்கள். இது மெதுவாகக் கொல்லும். ஆண்டுக்கணக்கில் உடம்பில் தங்கும். லேசான காய்ச்சல், அரிப்பு, மூட்டுவலி, கழுத்தின் பின்புறம் நெறிகட்டுதல். அடிமை வியாபாரிகள் பிடரியில் நெறிகட்டியவர்களை வாங்குவதில்லை என்று தாமஸ் வின்டர்பாட்டம் என்ற மருத்துவர் 1803இல் எழுதி வைத்தார். நோயறிதலின் வரலாற்றில் இவ்வளவு அவமானகரமான முதல் பக்கம் வேறு எந்த நோய்க்கும் இருக்குமா தெரியவில்லை.

காம்பிய வகையின் முக்கியக் கிடங்கு மனிதனே. ஆகவே ஊர் ஊராகப் போய் மனிதரைச் சோதித்தால் நோய் குறையும். 1978இல் ஆன்ட்வெர்ப்பில் உருவான அட்டைச் சோதனை இதை எளிதாக்கியது. விரல் நுனி ரத்தம் ஒரு துளி, நீலச் சாயமேற்றிய ஒட்டுண்ணிக் கரைசல் ஒரு துளி, ஐந்து நிமிடச் சுழற்சி. துகள்கள் திரண்டால் சந்தேகம். அதோடு முடியாது. நெறியில் ஊசி குத்தி நீர் எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அங்கும் அகப்படாவிட்டால் ரத்தத்தை ஒரு சிறு வடிகுழாயில் விடுவார்கள். மின்னேற்றத்தால் ரத்த அணுக்கள் வடிப்பானில் ஒட்டிக்கொள்ள, ஒட்டுண்ணி மட்டும் நீரோடு கீழே இறங்கும். அதன் பிறகு முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீரை எடுத்து, கிருமி மூளைக்குப் போய்விட்டதா என்று பார்ப்பார்கள்.

அந்த முதுகு ஊசிக்குக் காரணம் இருந்தது. மூளைக்கு எட்டும் மருந்தான மெலார்சோப்ரால் ஆர்சனிக் சேர்ந்தது. 1949 முதல் வழக்கத்தில் இருந்தது. பெற்றவர்களில் சுமார் நூற்றுக்கு ஐந்து பேரை மருந்தே கொன்றது. தேவையில்லாதவருக்கு அதைக் கொடுக்க எந்த மருத்துவருக்கும் கை வராது. பின்னால் வந்த எஃப்லோர்னிதின் பாதுகாப்பானது, ஆனால் லாபமில்லை என்று 1990களின் நடுவில் உற்பத்தி நின்றது. அதே மருந்து பெண்களின் முகத்தில் முளைக்கும் ரோமத்தைக் கட்டுப்படுத்தும் களிம்பாகச் சந்தைக்கு வந்தபோதுதான், ஆப்பிரிக்காவுக்கும் அது மறுபடி கிடைக்க வழி பிறந்தது. 2018இல் ஐரோப்பிய மருந்து முகமை ஃபெக்ஸினிடசோல் மாத்திரைக்கு ஒப்புதல் கருத்துத் தந்தது. பத்து நாள், சாப்பாட்டோடு விழுங்கினால் போதும். பெரும்பாலும் மூளைநோய் முற்றிய அறிகுறி உள்ளவருக்குத்தான் இன்று முதுகு ஊசி அவசியம்.

தடுப்பூசி ஏன் இல்லை என்ற கேள்வி இயல்பானது. டிரிப்பனோசோம் தன் மேற்புறப் புரதத்தை உடம்பின் எதிர்ப்பாற்றல் அடையாளம் கண்டுகொள்ளும் தறுவாயில் சட்டை மாற்றுவது போல மாற்றிக்கொள்கிறது. அதன் மரபணுக் கிடங்கில் இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றுகள் உண்டு. எந்த ஒன்றுக்கு ஊசி செய்வது?

எனவே கண்டுபிடித்தல், மருந்து கொடுத்தல், ஈயை ஒழித்தல் என்று மூன்றே வழி. காங்கோ ஜனநாயகக் குடியரசின் நடமாடும் குழுக்கள் ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் பேரைச் சோதித்து வந்தன. 1998இல் ஆப்பிரிக்கா முழுவதும் கிட்டத்தட்ட 40,000 நோயாளிகள் பதிவானார்கள், கண்டறியப்படாதவர்கள் மூன்று லட்சம் இருக்கலாம் என்று அஞ்சினார்கள். 2018 முதல் ஆண்டுப் பதிவு ஆயிரத்துக்குக் கீழே இருக்கிறது. 2020இல் டோகோ, இது பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்ற சான்றை முதல் நாடாகப் பெற்றது; 2024இல் சாட், 2025 தொடக்கத்தில் கினி.

ஈயைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆணும் பெண்ணும் ரத்தம் குடிக்கும். கொசுவைப் போல நூற்றுக்கணக்கில் முட்டையிடாது. ஒரே ஒரு புழுவை வயிற்றுக்குள் பால் சுரந்து வளர்த்து, ஒன்பது பத்து நாளுக்கு ஒன்றாக ஈன்று மண்ணில் விடும். இவ்வளவு மெதுவாகப் பெருகும் பூச்சியை அழிப்பது கணக்கின்படி சாத்தியம். போர்ச்சுக்கல்காரர்கள் பிரின்சிப்பி தீவில் தோட்டத் தொழிலாளிகளின் முதுகில் பசை தடவிய கறுப்புத் துணி கட்டி ஈ பிடித்தார்கள். 1914இல் தீவு ஈயற்றதாயிற்று. பெருநிலத்தில் காட்டை வெட்டினார்கள். ஈக்கு இரை இல்லாமல் செய்யவென்று லட்சக்கணக்கான வனவிலங்குகளைச் சுட்டார்கள். இன்று நினைத்தால் பதறுகிறது, அன்று அது அரசுக் கொள்கை. சான்சிபாரின் உங்குஜா தீவில் 1994 முதல் 1997 வரை, கதிர்வீச்சால் மலடாக்கிய ஆண் ஈக்களைச் சுமார் 80 லட்சம் விமானத்திலிருந்து இறக்கினார்கள். செட்சிப் பெண் பொதுவாக ஒரு முறைதான் இணை சேரும். சேர்ந்தது மலடு என்றால் அவ்வளவுதான். தீவில் அந்த ஈ முடிந்தது. ஆற்றங்கரை ஈக்கு இன்னும் மலிவாக ஒன்று: 25 சென்டிமீட்டர் அகல நீலத் துணி, பக்கத்தில் அதே அளவு பூச்சிக்கொல்லி தோய்த்த கறுப்பு வலை, ஒரு குச்சி. நீலத்தைப் பார்த்து வரும் ஈ வலையில் மோதிச் சாகும். வடமேற்கு உகாண்டாவில் இது ஈக்களை நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் குறைத்தது.

சொரோட்டி வட்டாரத்தில் ஈயை ஈர்க்கத் துணி வேண்டியிருக்கவில்லை. மாடே இருந்தது. ஈ மாட்டில் பெரும்பாலும் கால்களிலும் அடிவயிற்றிலும்தான் உட்காருகிறது என்பது கவனிக்கப்பட்டிருந்தது. அங்கே மட்டும் டெல்டாமெத்ரின் தெளித்தால் மருந்துச் செலவு சுமார் ஐந்தில் ஒரு பங்கில் முடியும். ஈக்களும் சாகும், சாணியில் வாழும் பூச்சிகள் தப்பிக்கும். 2006இல் மாக்கெரேரே பல்கலைக்கழகத்துக் கால்நடை மருத்துவக் கடைசி ஆண்டு மாணவர்கள் கிராமங்களில் இறங்கினார்கள். மாட்டுக்கு முதலில் டிரிப்பனோசோமைக் கொல்லும் ஊசி, பிறகு காலுக்குத் தெளிப்பு. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள். படிப்பு முடித்த சிலர் அங்கேயே மருந்துக் கடை போட்டுத் தங்கினார்கள். மாட்டுக்காரர் காசு கொடுத்துத் தெளிப்பாரா என்ற கேள்விக்கு அந்தக் கடைகள்தான் சோதனைக்களம். மாடு கொழுப்பதும் உண்ணி உதிர்வதும் அவருக்குக் கண்ணுக்குத் தெரியும் லாபம். தூக்க நோய் தடுக்கப்படுவது அவர் கணக்கில் வராத உபரி.

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ரொடீசியம், காம்பியம் இரண்டும் இருக்கும் ஒரே நாடு உகாண்டா. மாடுகள் வடக்கே நகர நகர, இரண்டு எல்லைகளுக்கும் இடையே 150 கிலோமீட்டருக்கும் குறைவான இடைவெளிதான் எஞ்சியது. இரண்டும் கலந்தால், காம்பியத்துக்கான அட்டைச் சோதனை ரொடீசியத்தைக் காட்டாது. எஃப்லோர்னிதினும் அதற்குச் சரியாகக் கேட்காது. எந்த நோயாளிக்கு எது என்று தெரியாமல் மருத்துவர் கையைப் பிசைய வேண்டியிருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2030க்குள் பரவலையே நிறுத்துவது என்ற இலக்கைக் காம்பிய வகைக்கு மட்டும் வைத்திருக்கிறது. ரொடீசியத்துக்கு அப்படி ஒரு இலக்கு வைக்கவில்லை. செரெங்கெட்டியின் காட்டு விலங்குகளையும் லுவாங்வா பள்ளத்தாக்கின் புதர்மான்களையும் வரிசையில் நிறுத்தி மாத்திரை கொடுக்க முடியாது. கண்டறிதலும் அதற்குக் கடினமாகிக்கொண்டே வருகிறது. ரொடீசியத்துக்கு விரைவுச் சோதனை அட்டை கிடையாது. இதுவரை அது பலமுறை அகப்பட்டது, மலேரியாவைத் தேடி ரத்தப் பூச்சைப் பார்த்த ஆய்வகப் பணியாளரின் கண்ணில்தான். கிராமத்து மருத்துவமனைகளில் மலேரியாவுக்கு விரைவுச் சோதனைப் பட்டை வந்த பிறகு அந்தப் பூச்சைப் போடுவதே குறைந்துவிட்டது. பட்டை மலேரியா இல்லை என்று சொல்லிவிடுகிறது. நோயாளி வேறு மாத்திரையோடு வீடு திரும்புகிறார்.