வெள்ளரிக்கொடியில் பூ இருக்கு, காய் எங்கே?

தை மாதம் விதை போட்டவர்கள் வீட்டில், மாசி பாதியில் ஒரு கேள்வி கிளம்பும். "கொடி நல்லா ஓடிருச்சு, மஞ்சள் மஞ்சளா பூவும் வந்துருச்சு. ஆனா ஒரு பிஞ்சுகூட நிக்கலையே?" சங்கராபுரத்தில் மொட்டை மாடியிலோ கொல்லைப்புறத்திலோ வெள்ளரி வளர்ப்பவர்கள் மனம் தளர்வது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். சிலர் கொடியைப் பிடுங்கிவிடுவார்கள். சிலர் கடைக்குப் போய் "பூ உதிராம இருக்க மருந்து" கேட்பார்கள். இரண்டுக்கும் அவசரமே இல்லை. அந்தக் கொடி நலமாகத்தான் இருக்கிறது.

வெள்ளரியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. இரண்டும் ஒரே கொடியில்தான் பூக்கும், ஆனால் முதலில் வருவது ஆண் பூக்கள். ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் பெண் பூ தலைகாட்டும். அடையாளம் கண்டுபிடிப்பது ரொம்ப சுலபம். மெல்லிய காம்பில் வெறும் பூ மட்டும் இருந்தால் ஆண். பூவுக்குக் கீழே சுண்டுவிரல் நுனி அளவில் குட்டி வெள்ளரி மாதிரி ஒன்று இருந்தால் பெண். ஆண் பூ ஒரு நாள் மலர்ந்து உதிர்வது அதன் இயல்பு. அதற்கு மருந்து கிடையாது, தேவையும் இல்லை.

பெண் பூ வந்த பிறகும் பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கி விழுந்தால், அப்போதுதான் கவனிக்க வேண்டும். மகரந்தம் சேரவில்லை என்று அர்த்தம். இந்த வேலையைச் செய்வது தேனீ. கொல்லையில் தேனீ தானாக வரும். வீடுகள் நெருங்கிய தெருவில், இரண்டாவது மாடிக்கு வருவது குறைவு. பக்கத்தில் துளசியும் செண்டுமல்லியும் வைத்தால் வரத்து கூடும். அதுவரை நாமே செய்துவிடலாம். காலை 6 மணியிலிருந்து 9 மணிக்குள், அன்று மலர்ந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுப்பகுதியில் மெதுவாகத் தடவுங்கள். ஓர் ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூக்களுக்குப் போதும். மதியத்துக்குமேல் செய்தால் பலன் குறைவு.

பூ உதிர்கிறதே என்று காலை நேரத்தில் பூச்சிமருந்து அடித்தால், வருகிற ஒன்றிரண்டு தேனீயும் செத்துப்போகும். அப்புறம் காய் எங்கிருந்து வரும்? வேப்பெண்ணெய் தெளிப்பதாக இருந்தாலும் தேனீ கூடு திரும்பிய பிறகு, மாலையில் தெளியுங்கள். லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி., கரைவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல்.

வயலில் வெள்ளரி போடும் விவசாயிகளுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வேறொரு வழியும் சொல்கிறது: பெண் பூக்கள் பெருக, 10 லிட்டர் தண்ணீருக்கு 2.5 மி.லி. எத்ரல் கலந்து, விதைத்த 15-ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை என நான்கு தடவை தெளிப்பது. நாலு பை வைத்திருக்கும் வீட்டுக்கு இது வேண்டாத வேலை. சரியான பட்டத்தில் விதைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். நம்ம பக்கத்துக்கு ஆடிப்பட்டமும் தைப்பட்டமும் ஏற்றவை. மாசி கடந்து விதைத்தால் சித்திரை வெயிலில் பூக்கும். வெப்பம் கூடும்போது ஆண் பூக்களே அதிகம் வரும். ஐப்பசி அடைமழையில் இலையில் அடிச்சாம்பல் நோய் பிடிக்கும்.

விதை வாங்கும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். பசுமைக்குடிலுக்கென்று விற்கும் சில வீரிய ஒட்டு ரகங்கள் மகரந்தம் சேராமலே காய்க்கும். விலை அதிகம், விதை எடுத்து வைக்கவும் முடியாது. கோ 1, ஜப்பானிஸ் லாங் கிரீன் போன்ற ரகங்களில் ஒரு காயைப் பழுக்கவிட்டு அடுத்த பட்டத்துக்கு விதை எடுக்கலாம்.

ஓர் அடி ஆழமாவது உள்ள பை, அதில் செம்மண், தென்னைநார்க் கழிவு, மக்கிய தொழுவுரம் சம பங்கு. விதையை நேராகப் பையிலேயே ஊன்றி, முளைத்ததில் நல்ல இரண்டை மட்டும் விடுங்கள். பிடுங்கி நட்டால் வெள்ளரி வேர் தாங்காது. ஏற ஒரு கயிறு கட்டினால் போதும்.

தண்ணீர் விஷயத்தில்தான் கண்டிப்பு தேவை. ஒரு நாள் காயவிட்டு மறுநாள் குளிப்பாட்டினால் காய் கசக்கும். வறட்சியும் வெப்பமும் சேரும்போது குக்கர்பிட்டசின் என்ற கசப்புப் பொருள் கூடுவதுதான் காரணம். நம்ம ஊரில் கரும்புச் சோகைக்குப் பஞ்சமில்லை; பை மேல் இரண்டு அங்குலம் பரப்பினால் ஈரம் நிற்கும். இலேசான கசப்பு என்றால் காம்புப் பக்கம் ஓர் அங்குலம் வெட்டி, தோலைச் சீவிவிட்டால் சரியாகும். வாய் சுளிக்கும் அளவு கசந்தால் மொத்தமாகக் கொட்டிவிடுங்கள், குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. வயிற்றுவலியும் வாந்தியும் வரும்.

காயில் ஊசி குத்தின மாதிரி ஓட்டை தெரிந்தால் பழ ஈ வேலை. பூ உதிர்ந்ததும் பிஞ்சைக் காகித உறையால் மூடுங்கள்; விழுந்த காயை ஆழமாகப் புதையுங்கள். சாம்பல் நோய்க்குக் கந்தகத் தூள் தூவச் சொல்வார்கள், தூவாதீர்கள். வெள்ளரி இலை கருகிவிடும்.

மகரந்தம் சேர்ந்த பத்து நாளில் காய் தயார். ஒரு காயை முற்றவிட்டால் கொடி அடுத்த பிஞ்சு விடுவதைக் குறைத்துக்கொள்ளும் என்பதால், ஒன்றுவிட்டு ஒரு நாள் பறியுங்கள்.

2025 ஜூலையில் தொடங்கிய ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கத்தில் தரப்பட்ட காய்கறி விதைத் தொகுப்பில் தக்காளி, கத்தரி, வெண்டை போன்றவை இருந்தன, வெள்ளரி இல்லை. அதைத் தனியாக வாங்க வேண்டும். தொகுப்பில் வரும் பொருளும் மானியமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், உழவன் செயலியிலோ தோட்டக்கலைத் துறை இணையதளத்திலோ பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். செடியில் சந்தேகம் என்றால் கிசான் அழைப்பு மையம், 1800-180-1551. கட்டணம் இல்லை, காலை 6 முதல் இரவு 10 வரை தமிழிலேயே பேசலாம். நேரில் கேட்க வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகம் இருக்கிறது. போகும்போது இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம் இரண்டையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். பூச்சியும் நோயும் பெரும்பாலும் அடிப்பக்கத்தில்தான் தெரியும்.