ஓடைக்கு ஒரு பதிவேடு

குடிப்பதற்குப் பவானி ஆற்றின் நீரைக் குழாய் வழியாக வெகுதொலைவிலிருந்து தருவித்துக்கொள்கிற ஊர், கோடை வந்துவிட்டால் தண்ணீர் லாரிக்காகக் குடங்களை வரிசை வைத்துக் காத்திருக்கிற ஊர், ஐப்பசி மாதத்து ஒரே இரவு மழைக்கு முழங்கால் தண்ணீரில் நின்று தத்தளிக்கிறது என்றால் வெளியூரார்க்கு அது விசித்திரமாகவே தோன்றும். திருப்பூரின் நிலைமை அதுதான். மேற்கு மலைத்தொடரின் மழை மறைவுப் பிரதேசத்தில் அமைந்த இந்நகரத்தில் வருஷம் முழுவதும் பெய்கிற மழை சுமார் 60 அல்லது 70 சென்டிமீட்டர். அதிலும் பெரும்பங்கு வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில், சில நாட்களில், அந்த நாட்களுள்ளும் சில மணி நேரங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மொத்தத்தில் சொற்பமான மழையாயினும் அது வருகிற வேகத்தைத் தாங்கும்படி ஊர் அமைக்கப்படவில்லை.

2011-ம் வருஷத்தைத் திருப்பூர்க்காரர்கள் இரண்டு காரணங்களால் மறக்கமாட்டார்கள். அவ்வருஷம் ஜனவரியில், நொய்யலை மாசுபடுத்திய சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது, நவம்பர் முதல் வாரத்தில், சுற்றுப்புறத்து நகராட்சிகளையும் ஊராட்சிகளையும் சேர்த்துக்கொண்டு 60 வார்டுகளாக விஸ்தரிக்கப்பட்டிருந்த மாநகராட்சியின் புதிய மன்றம் பதவியேற்றுச் சில நாட்களே ஆகியிருந்த சமயத்தில், இரவோடு இரவாக வந்த வெள்ளம் ஓடையோரத்து வீடுகளை அடித்துக்கொண்டு போயிற்று, பலர் உயிரிழந்தனர். முதல் சம்பவத்தைப் பற்றி எழுதப்பட்ட அறிக்கைகளும் கட்டுரைகளும் அநேகம். இரண்டாவதைப் பற்றி அவ்வளவாக யாரும் எழுதவில்லை.

ஊரின் அமைப்பைச் சற்று மனத்தில் வைத்துக்கொண்டால் விஷயம் விளங்கும். நொய்யல் மேற்கிலிருந்து கிழக்காக நகரத்தின் நடுவே ஓடுகிறது. தெற்கே மேட்டுநிலத்திலிருந்து ஜம்மனை ஓடையும் சங்கிலிப்பள்ளமும் இறங்கி வருகின்றன. வடக்கே அவினாசிப் பக்கத்திலிருந்து நல்லாறு வந்து, நஞ்சராயன் குளத்தை நிரப்பிவிட்டு, பின்னர் நொய்யலை அடைகிறது. 2022-ல் பறவைகள் சரணாலயமாகவும் 2024-ல் ராம்சர் ஈரநிலமாகவும் அங்கீகாரம் பெற்றது இந்தக் குளமே. இவை தவிர, பெயர் இருந்தும் இல்லாமலும் எத்தனையோ சிறு பள்ளங்கள் உண்டு. வருஷத்தில் பத்து மாதம் அவற்றில் தண்ணீர் இராது. ஆகையால் அவை தண்ணீருக்கு உரிய இடம் என்ற நினைவே ஜனங்களுக்கு மங்கிவிட்டது. முதலில் குப்பை, பிறகு மண், பிறகு ஒரு பாதை, அதற்கப்புறம் ஒரு ஷெட் என்ற கிரமத்தில் பள்ளங்கள் ஒவ்வொன்றாக மறைந்துபோயின.

ஷெட் என்று சொன்னேன்; அதைப் பற்றி ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்தாயிரம் சதுர அடியில் தகரக் கூரை வேய்ந்த ஒரு பனியன் கம்பெனியின் மேல் ஒரு மணி நேரத்தில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால், அந்தக் கூரையிலிருந்து இறங்குகிற தண்ணீர் ஏறக்குறைய 46,000 லிட்டர். அதாவது, 12,000 லிட்டர் கொள்ளுகிற டேங்கர் லாரிகள் நான்கைக் கொண்டுவந்து ஒரே மணி நேரத்தில் தெருவில் திறந்துவிட்டதற்குச் சமம். அதே இடம் சோளக்காடாக இருந்த காலத்தில் பாதித் தண்ணீரையாவது மண் குடித்திருக்கும்; மிச்சமும் வரப்புக்கு வரப்பு தயங்கித் தயங்கித்தான் பள்ளத்துக்கு வந்திருக்கும். இன்று நிட்டிங், காம்பாக்டிங், கட்டிங், செக்கிங், பேக்கிங் என்று அடுத்தடுத்து நிற்கிற கூரைகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே சாக்கடைக்குத் தம் தண்ணீரைத் தள்ளுகின்றன.

அந்தச் சாக்கடையையும் குனிந்து பார்த்தால்தான் தெரியும். இரண்டடி அகலத்துக் கால்வாயின் மேல் வீட்டுக்கு வீடு ஸ்லாப் போட்டு மூடி, அதன்மேல் படிக்கட்டும் கட்டியிருப்பார்கள். சாலையைக் கடக்கிற சிறுபாலத்தின் வாயில் குடிநீர்க் குழாய் ஒன்றும் கேபிள் குழாய்கள் இரண்டும் குறுக்கே போகும். அவற்றில், கட்டிங் மேஜையிலிருந்து விழுந்த பனியன் வேஸ்ட் நீளநீளமாகச் சுற்றிக்கொண்டு, அதற்குப் பின்னால் பாலிதீன் பைகளும் சேறும் தேங்கி, நான்கு அடி அகலத்துத் துவாரம் ஓர் அடியாகிவிட்டிருக்கும். நாளடைவில் மக்கிப்போகிற காகிதமோ இலையோ அல்ல அது. நூல் நூலாகப் பின்னிக்கொள்கிற துணி. மண்வெட்டிக்கு வராது, கொக்கி போட்டுத்தான் இழுக்க வேண்டும். ஊரின் செல்வத்துக்கு ஆதாரமான தொழிலே ஊரின் வடிகாலுக்கும் இப்படி ஒரு விசேஷ உபத்திரவத்தை உண்டாக்கியிருக்கிறது.

இத்தகைய ஒரு சிறுபாலத்தைச் சுத்தம் செய்ய வேண்டியவர் யார் என்று விசாரிக்கப் புகுந்தால், விடை எளிதில் கிடைக்காது. தெருச் சாக்கடை மாநகராட்சிக்குரியது. அது போய்ச் சேருகிற பெரிய சாலையின் கால்வாய் நெடுஞ்சாலைத் துறையினுடையது. ரயில் பாதைக்கு அடியில் தண்ணீர் போகிற பாலக்கண் ரயில்வேயினுடையது. ஓடைப் புறம்போக்கு வருவாய்த் துறையின் கணக்கில் இருக்கும். ஆறு நீர்வளத் துறையின் பொறுப்பு. ஓடை உற்பத்தியாகிற மேட்டுநிலமோ மாநகர எல்லைக்கு அப்பால் ஏதோ ஓர் ஊராட்சியைச் சேர்ந்தது. தண்ணீர் இத்தனை எல்லைகளையும் அரை மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. ஒரு மனுக் காகிதம் அவற்றைக் கடப்பதற்கு ஆறு மாதம் வேண்டும்.

கணினி வரைபடத்தின் பிரயோஜனம் இங்கேதான் தொடங்குகிறது. புவியியல் தகவல் முறைமை என்றும், அலுவலகங்களில் சுருக்கமாக ஜி.ஐ.எஸ். என்றும் வழங்குகிற இந்தச் சாதனம், ஒரே நிலப்பரப்பைப் பற்றிய பலவகைச் செய்திகளை, சாலை, வீடு, சாக்கடை, தரையின் உயரம், புல எண், மழை அளவு ஆகியவற்றை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வேண்டியதை வேண்டியபோது காட்டுகிறது. வெள்ளத்தைப் பொறுத்தவரை இவற்றுள் முக்கியமானது உயரம். நகரத்தின் தரையை ஒரு மீட்டர் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் அதன் உயரத்தைக் குறித்துக்கொள்வார்கள். சுமார் 160 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள திருப்பூருக்கு இத்தகைய சதுரங்கள் ஏறக்குறைய 16 கோடி தேவைப்படும். கணினி ஒவ்வொரு சதுரத்தையும் அதைச் சுற்றியுள்ள எட்டுச் சதுரங்களோடு ஒப்பிட்டு, எது மிகவும் தாழ்ந்ததோ அந்தப் பக்கமாகத் தண்ணீரை அனுப்புகிறது. அங்கிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அதற்கடுத்ததற்கு. இவ்வாறு கடைசி வரையில் தொடர்ந்து போனால், நாம் மூடி மறைத்த பள்ளங்கள் எல்லாம் திரையில் நரம்புகளைப் போல எழுந்து தெரியும். எந்தத் தெருவுக்கு எத்தனை தெருவின் தண்ணீர் வந்து சேர்கிறது, எந்தக் குழியில் அது வெளியேற வழியின்றி நிற்கிறது என்பதை மழை பெய்வதற்கு முன்னரே சொல்லிவிடலாம். இதற்கு வேண்டிய மென்பொருள்களில் கியூஜிஐஎஸ் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. மழைநீர் வடிகாலைக் கணக்கிடுவதற்காக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1971-ல் உருவாக்கிய ஸ்வம் என்ற கணிப்பு நிரலும் அவ்வாறே.

ஆனால் யந்திரம் தனக்குக் கொடுத்ததைத்தான் அறியும். உலகம் முழுவதற்கும் இலவசமாகக் கிடைக்கிற செயற்கைக்கோள் உயரப் படங்களில் ஒரு சதுரம் 30 மீட்டர். அவற்றின் உயரக் கணக்கில் சில மீட்டர் பிழை வருவது சகஜம். மலைக்கும் சமவெளிக்கும் வித்தியாசம் காண அது போதுமே அன்றி, அரை அடி வாட்டத்தில் ஓடுகிற சாக்கடைக்கு அது எவ்வகையிலும் உதவாது. 500 நகரங்களுக்கு முழுமைத் திட்டம் வகுப்பதற்காக அம்ருத் திட்டத்தின் கீழ் தயாராகிற 1:4000 அளவிலான வரைபடங்களும் நில உபயோகத்தைக் காட்டுவதற்கு நேர்த்தியானவை. எனினும், ஒரு மீட்டர் அகலக் கால்வாய் அவற்றில் கால் மில்லிமீட்டர்தான். ஆகவே விமானத்திலிருந்தோ டிரோனிலிருந்தோ லேசர் ஒளியைப் பாய்ச்சித் தரையின் உயரத்தை அளக்கிற லைடார் முறையை நாடுகிறார்கள். அதில் பிழை பெரும்பாலும் ஓர் அரையடிக்குள் அடங்கும்.

அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. மேலிருந்து பார்க்கிற லேசருக்குப் பாலத்தின் முதுகு தெரியுமேயொழிய வயிறு தெரியாது. ஓடையின் குறுக்கே போகிற சாலையை அது ஓர் அணை என்றே கருதிக்கொள்ளும். கணினியும் அதை நம்பி, அந்த இடத்தில் இல்லாத ஓர் ஏரியை வரைந்து வைக்கும். ஒருவர் நேரில் போய், சிறுபாலத்தின் கண் எத்தனை அடி அகலம், எத்தனை அடி உயரம், அடிமட்டம் எவ்வளவு, பாதி அடைத்திருக்கிறதா, முழுவதும் அடைத்திருக்கிறதா என்று அளந்து வந்து எழுதினால்தான் அந்த ஏரி வடியும். கணினி வரைபடம் என்றதும் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து செய்கிற காரியம் என்று நினைக்கிறவர்கள், லெவல் கருவியையும் அளவுகோலையும் தூக்கிக்கொண்டு சாக்கடையோரம் நடக்கிறவரை மறந்துவிடுகிறார்கள். என் அபிப்பிராயத்தில் இந்த வேலையின் முக்கால் பங்கு அவருடையது. எந்த மழைக்கு எந்த வீட்டு வாசற்படி வரை தண்ணீர் ஏறிற்று என்பதை மனப்பாடமாக வைத்திருக்கிற தூய்மைப் பணியாளரின் ஞாபகத்தையும் அவர் எழுதிக்கொண்டு வருவாரானால் படம் இன்னும் மெய்யாகும்.

மற்றோர் ஆதாரம் தாலுகா அலுவலகத்தில் இருக்கிறது. கிராம வரைபடங்களும் நில அளவைப் புத்தகங்களும் அ-பதிவேடும் ஓடைப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு இவற்றின் எல்லையைப் புல எண்ணோடு காட்டுகின்றன. அந்தப் பழைய தாள்களைப் பிரதியெடுத்துச் செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்தினால், ஓடை எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது, நடுவில் என்ன நிற்கிறது என்பது கண்ணெதிரே வந்துவிடும். பொருத்தும்போது கோடுகள் சில அடிகள் விலகும். அந்தச் சில அடிகளைப் பற்றித்தான் பிற்பாடு வழக்கு நடக்கும். எனவே வருவாய்த் துறையின் சர்வேயர் கையெழுத்து இல்லாத படத்தை நம்பி யாரும் ஜே.சி.பி.யைக் கொண்டுவந்து நிறுத்துவது உசிதமல்ல.

2005 ஜூலை 26-ந் தேதி மும்பையின் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டர் மழை பெய்த பிறகு, நகர வெள்ளம் வேறு, நதி வெள்ளம் வேறு என்பது அரசாங்கத்தாருக்குப் புலனாயிற்று. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010-ல் வெளியிட்ட நகர்ப்புற வெள்ள வழிகாட்டி நெறிகள், வார்டை அல்லாமல் நீர்ப்பிடிப்புப் பகுதியையே திட்டத்துக்கு அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்றும், 4 சதுர கிலோமீட்டருக்கு ஒரு தானியங்கி மழைமானி வேண்டும் என்றும் கூறுகின்றன. இந்தக் கணக்கின்படி திருப்பூருக்குச் சுமார் 40 மழைமானிகள் தேவை. நகரின் ஒரு மூலையில் கொட்டும் மழை மறுமூலையில் தூறலாகவும் இல்லாதிருப்பதை அனுபவத்தில் கண்டவர்களுக்கு இது ஆடம்பரமாகப் படாது.

வெள்ளத்தைக் கணினியில் கணித்துப் பார்க்கிற முயற்சி சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின்னர் பெரிய அளவில் நடந்தது. மும்பை, சென்னை ஐ.ஐ.டி.க்களும் அண்ணா பல்கலைக்கழகமும் பிறரும் சேர்ந்து ஆக்கிய சிஃப்ளோஸ் என்ற வெள்ள முன்னறிவிப்பு முறை 2019-ல் நடைமுறைக்கு வந்தது. இன்ன மழை பெய்தால் இன்ன பகுதியில் இவ்வளவு நீர் நிற்கும் என்று அது முன்கூட்டிக் காட்ட வல்லது. மகத்தான வேலைதான். ஆயினும், திருப்பூர் போன்ற ஊர் சென்னையைப் பார்த்து முதலில் முன்னறிவிப்பில் ஆசை வைப்பது சரியாகத் தோன்றவில்லை. சிறிய ஓடைகளில் வெள்ளம் ஓரிரு மணி நேரத்தில் வந்து போய்விடுகிறது. அறிவிப்பு வந்து, அதிகாரி அதைப் படித்து, தெருவில் ஒலிபெருக்கி வைப்பதற்குள் தண்ணீர் கட்டிலுக்கு வந்துவிடும். இங்கே முதல் தேவை பதிவேடு.

பதிவேடு என்பதற்கு ஒரு நல்ல முன்மாதிரி இங்கிலாந்தில் இருக்கிறது. 2007-ம் வருஷத்துக் கோடையில் அந்நாட்டில் ஏற்பட்ட வெள்ளத்தின் பெரும்பகுதி, நதிகள் கரை புரண்டதால் அன்றி, மழைநீரை வடிகால்கள் கொள்ளாததால் விளைந்தது. அதை ஆராய்ந்த சர் மைக்கேல் பிட்டின் அறிக்கையை ஒட்டி 2010-ல் இயற்றப்பட்ட சட்டம், தரையில் ஓடும் வெள்ளத்தின் பொறுப்பை ஸ்தல ஸ்தாபனங்களின் தலைமேல் வைத்தது. அதோடு, வெள்ளத்தைக் கணிசமாகப் பாதிக்கக்கூடிய கால்வாய், சிறுபாலம், மதகு போன்றவற்றின் பதிவேடு ஒன்றைப் பொதுஜனங்கள் பார்க்கும்படி வைத்திருக்க வேண்டும் என்றும், அவற்றுள் ஒவ்வொன்றின் உடைமையாளர் யார், அது என்ன நிலைமையில் இருக்கிறது என்பதையும் குறித்துவைக்க வேண்டும் என்றும் கட்டளையிட்டது. எந்த வீதியில் மழைநீர் தேங்கும் அபாயம் உண்டு என்ற படமும் 2013 முதல் அங்கே யாவருக்கும் திறந்திருக்கிறது.

திறந்து வைப்பது என்றதும் இங்கே பலருக்குக் கலக்கம் வரும். மனை விலை குறைந்துவிடுமே என்பது ஒரு கவலை. அதை நான் பெரிதாக நினைக்கவில்லை, ஏனெனில் தண்ணீர் நிற்கிற மனையைத் தெரியாமல் வாங்குகிறவருக்கும் நியாயம் வேண்டும். வேறொரு கவலைதான் நியாயமானது. ஓடையோரத்து லைன் வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்கள் வெளி மாவட்டங்களிலிருந்தும் வடநாட்டிலிருந்தும் பிழைக்க வந்த பனியன் தொழிலாளர்கள். படத்தில் சிவப்பாகத் தெரிவது அவர்கள் வீடு. அதைக் காட்டி அவர்களை மட்டும் அப்புறப்படுத்திவிட்டு, மேட்டில் நின்று தண்ணீரை அனுப்புகிற கூரைகளை விட்டுவிடுவது சுலபம். தண்ணீர் தேங்குகிற இடத்தைக் காட்டுகிற படம், அது புறப்படுகிற இடத்தையும் அதே அளவு தெளிவாகக் காட்ட வேண்டும். இதற்குப் புதிய அளவை ஒன்றும் வேண்டியதில்லை. சொத்து வரிக்காகக் கட்டடங்களின் பரப்பு ஏற்கெனவே மாநகராட்சியின் கணக்கில் இருக்கிறது. மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம். கட்டடத்தின் பரப்பையும், அதில் சேகரிப்பு அமைப்பு இருக்கிறதா என்பதையும் ஒரே படத்தில் ஏற்றினால், எந்தக் கம்பெனிக் கூரையின் நீர் தொட்டிக்குப் போகிறது, எது தெருவுக்கு வருகிறது என்பது வார்டு வார்டாகத் தெரிந்துவிடும்.

நகரம் முழுவதையும் ஒரே மூச்சில் அளக்க முற்பட்டால் டெண்டர் விடுவதிலேயே இரண்டு வருஷம் கழியும். ஜம்மனை ஓடை ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஓடைகள் வறண்டு கிடக்கிற தை மாதம் தொடங்கி வைகாசிக்குள், மேட்டுநிலத்து ஊராட்சிகளிலிருந்து நொய்யல் வரை அதன் குறுக்கே உள்ள ஒவ்வொரு பாலத்தையும் கண்ணையும் அளந்து, உடைமையாளரின் பெயரோடு படத்தில் ஏற்றிவிடலாம். அந்த வருஷத்துத் தூர் வாரும் ஒப்பந்தத்தை அந்தப் பட்டியலின்படியே ஆடியில் விட்டு, வேலை முடிந்ததா என்பதைப் புரட்டாசியில் அதே பட்டியலை வைத்துச் சரிபார்க்கலாம்.