சரவெடியும் எக்ஸ்ரே குழாயும்

எங்க மல்லாங்கிணறு பக்கம் 'கரண்ட்'னு சொன்னா வோல்டேஜையும் சேர்த்துத்தான் சொல்லுவாங்க. எக்ஸ்ரே அறையில் அப்படிச் சொல்ல முடியாது. அங்கே வோல்டேஜுக்கு கேவி, கரண்டுக்கு எம்ஏ என்று ரெண்டு தனி எண்கள். ரெண்டும் செய்யும் வேலை வேற வேற.

குழாய்க்குள் ஒரு முனையில் டங்ஸ்டன் இழை சூடாகி எலக்ட்ரான்களை உதிர்க்கிறது. வோல்டேஜ் அவற்றை இழுத்துக்கொண்டு போய் எதிரே உள்ள டங்ஸ்டன் தகட்டில் மோத விடுகிறது. அந்த ஆற்றலில் சுமார் 99 சதவீதம் வெறும் சூடாகப் போய்விடும். மிச்சம்தான் எக்ஸ்ரே.

சிவகாசிக் கணக்கில் சொன்னால், எம்ஏ என்பது சரத்தில் எத்தனை வெடி என்பது. கேவி என்பது ஒவ்வொரு வெடியின் வலு. எம்ஏவை இரண்டு மடங்காக்கினால் கதிர்களும் இரண்டு மடங்காகும். ஆனால் ஒரு கதிர்கூட முன்பைவிட ஆழமாகப் பாயாது. கேவியை ஏற்றினால்தான் ஊடுருவும் வலு கூடும். கூடவே கதிர்களின் அளவும், ஏறத்தாழ கேவியின் வர்க்கத்துக்கு ஏற்ப, கூடும். உவமை நொண்டுவது இங்கேதான்.

ரெண்டையும் தனித்தனியாகத் திருப்ப முடிந்ததே 1913இல் கூலிட்ஜ் சூடான இழை வைத்த குழாயைக் கொண்டுவந்த பிறகுதான். அதற்கு முந்தைய குழாய்களில் உள்ளே மிச்சமிருக்கும் வாயு மாற மாற, ரெண்டும் சேர்ந்தே ஆடும்.

வெடி விபத்தில் விரல் உடைந்து வருபவருக்கு 50, 55 கேவி போதும். அந்த அளவில் எலும்பும் சதையும் நன்றாகப் பிரிந்து தெரியும். காசநோய் சந்தேகத்தில் நெஞ்சுப் படம் என்றால் 110, 120 கேவி வரைகூட வைப்பார்கள். விலா எலும்பின் நிழல் மங்கி, பின்னால் உள்ள நுரையீரல் தெரியணும் இல்லையா?

கனத்த உடம்புக்கு எம்ஏவை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால், வலுவில்லாத கதிர்கள் உடம்புக்குள்ளேயே தங்கிவிடும். கேவியை 15 சதவீதம் ஏற்றினால் எம்ஏவையும் நேரத்தையும் பெருக்கி வரும் அளவைப் பாதியாக்கலாம் என்பது இந்தத் தொழிலின் பழைய கணக்கு. வேறுபாடு கொஞ்சம் மங்கும். நோயாளிக்குக் கதிர் குறையும்.

பழைய ஃபிலிமில் கதிர் கூடிப்போனால் படம் கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். டிஜிட்டலில் கம்ப்யூட்டர் அதைச் சரிசெய்துவிடும். படம் பளிச்சென்று இருக்கும், கூடுதல் கதிர் உடம்பில் ஏறியிருக்கும். அதனால் குழந்தைக்குப் படம் எடுக்கும்போது, "பெரியவங்களுக்கு வைக்கிற அளவு இல்லையே?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. தப்பே இல்லை.