நூலால் பேசிய பெண்

ஒரு பிள்ளை கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. “இதற்கு ஒன்றும் விளங்காது” என்று எவ்வளவு இலகுவாகச் சொல்லிவிடுகிறோம்! அப்படிச் சொல்வதற்கு முன் சற்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பிள்ளைக்கு விளங்கவில்லையா, அல்லது காது கேட்கவில்லையா?

இந்தக் கேள்வியை உரிய காலத்தில் யாரும் கேட்காததால் தம் வாழ்வில் ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளை இழந்தார் ஒரு பெண். அவர் பெயர் ஜூடித் ஸ்கொட். எழுத, வாசிக்க, பேச அறியாத அவர், நாற்பத்தைந்து வயதளவில் நூலைக் கையிலெடுத்து, உலகின் பெரிய நூதனசாலைகள் தேடி வாங்கும் கலைஞராக உயர்ந்தார். அவரது கதை நம் ஒவ்வொரு வீட்டுக்கும் உரியது.

இரட்டையரில் ஒருவர்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 1943ஆம் ஆண்டு மே மாதம் இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. ஒருவர் ஜோய்ஸ், மற்றவர் ஜூடித். ஜூடித்துக்கு மட்டும் ‘டவுன் சின்ட்ரோம்’ என்னும் பிறவி நிலை இருந்தது. உடலின் உயிரணுக்களில் 21ஆம் நிறமூர்த்தம் ஒன்று மேலதிகமாக இருப்பதே இதன் காரணம் என்பது 1959இல்தான் உலகுக்குத் தெரியவந்தது. அது யாருடைய குற்றமுமல்ல.

கைக்குழந்தையாக இருந்தபோது ஜூடித்துக்கு ஸ்கார்லட் காய்ச்சல் கண்டது. அதனால் அவரது செவிப்புலன் போய்விட்டது. ஆனால் வீட்டில் எவரும் அதை அறியவில்லை. பேச்சு வராததும் கூப்பிட்டால் திரும்பாததும் பிறவி நிலையின் விளைவு என்றே எல்லோரும் எண்ணிக்கொண்டனர். இரு சிறுமியரும் ஒரே கட்டிலில் உறங்கினார்கள், ஒன்றாக விளையாடினார்கள். அவர்களுக்கிடையே வார்த்தை தேவைப்படவில்லை.

ஏழு வயதில் பாடசாலைக்கென ஜூடித்தைச் சோதித்தார்கள். கேள்விகள் வாயால் கேட்கப்பட்டன. காது கேளாத பிள்ளை எப்படிப் பதில் சொல்லும்? ‘கல்வி கற்க இயலாதவர்’ என்று முடிவு செய்யப்பட்டது. வைத்தியர்களின் ஆலோசனைப்படி 1950 ஒக்டோபரில் பெற்றோர் அவரை அரசாங்கப் பராமரிப்பு நிலையம் ஒன்றில் சேர்த்தனர். மறுநாள் காலை கண்விழித்த ஜோய்ஸ், தன் பக்கத்தில் வெறுமையாகக் கிடந்த கட்டிலைத்தான் கண்டார்.

அந்நிலையத்தில் மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுத்த வண்ணக் கட்டிகளைக்கூட ஜூடித்துக்குக் கொடுக்கவில்லை. வரையும் அளவுக்கு அறிவில்லையென்று மறுத்துவிட்டார்கள் என ஜோய்ஸ் பின்னர் கூறியிருக்கிறார். ஜூடித்துக்குக் காது கேட்காது என்ற உண்மை பல்லாண்டுகள் கழித்தே வெளிவந்தது.

கதவு திறந்தது

தன் உடன்பிறப்பை ஜோய்ஸ் மறக்கவில்லை. சட்டப்படி பாதுகாவலராகும் உரிமையைப் போராடிப் பெற்று, 1986இல் ஜூடித்தைக் கலிபோர்னியாவிலுள்ள தன் வீட்டுக்கு அழைத்து வந்தார். அடுத்த ஆண்டு ஓக்லண்ட் நகரிலுள்ள ‘கிரியேட்டிவ் குரோத்’ என்ற கலை நிலையத்தில் சேர்த்தார். அங்கவீனமுற்றோருக்காக 1974இல் ஒரு கணவனும் மனைவியும் தொடங்கிய நிலையம் அது. பாடம் நடத்துவது அங்கே வழக்கமில்லை. பொருட்களைக் கொடுப்பார்கள், வேண்டியதைச் செய்ய விட்டுவிடுவார்கள்.

ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஜூடித் எதிலும் மனம் வைக்கவில்லை. தாளில் வட்டங்களும் சுழிகளும் கீறினார், அவ்வளவுதான். “இவரால் பயனில்லை” என்று அனுப்பிவிட யாரும் அவசரப்படவில்லை. அந்தப் பொறுமையை நாம் கவனிக்க வேண்டும்.

ஒரு நாள் சில்வியா செவன்ட்டி என்னும் நூற்கலைஞர் அங்கே வகுப்பொன்று நடத்தினார். அருகிலிருந்து பார்த்த ஜூடித், சொல்லிக்கொடுத்த எதையும் பின்பற்றவில்லை. சில குச்சிகளை எடுத்து, அவற்றைச் சுற்றி நூலைச் சுற்றத் தொடங்கினார். அன்று தொடங்கிய கை பல ஆண்டுகள் ஓயவில்லை.

சுற்றுவதும் முடிச்சிடுவதும்

நம் வீட்டுப் பெண்கள் பின்னும் நூல் தொப்பியாகும், மேசை விரிப்பாகும். ஜூடித்தின் வேலை அப்படிப்பட்டதல்ல. முதலில் ஏதாவதொரு பொருளைத் தெரிவு செய்வார். அது குச்சியாக இருக்கலாம், கதிரையாக, துவிச்சக்கர வண்டிச் சில்லாக, கடைகளில் சாமான் தள்ளிச் செல்லும் வண்டியாகவும் இருக்கலாம். அவற்றை ஒன்றோடொன்று கட்டி, மேலே துணிக் கீற்றுகளையும் கம்பளி நூலையும் கயிற்றையும் சுற்றுவார், முடிச்சிடுவார், குறுக்கே கோப்பார். படைமேல் படையாக வளர்ந்து, சில வேளை ஆளை விடப் பெரிதாகிவிடும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஒரே படைப்பிலேயே இருப்பார். உள்ளே இருக்கும் பொருள் இறுதியில் வெளியே தெரியாது.

ஒருமுறை நூல் கிடைக்காதபோது, கை துடைக்கும் கடதாசிகளை எடுத்து முடிச்சிட்டு முழுச் சிற்பமொன்றையே செய்து முடித்தார். வேலை நிறைவெய்தியதும் அதைத் தள்ளிவைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்குவார். ஒன்றுக்கும் பெயர் வைத்ததில்லை.

அவருக்கு எங்கிருந்து இந்த எண்ணம் வந்தது? அவர் கலைப் புத்தகம் வாசித்தவரல்லர். சில படைப்புகள் இரு உருவங்கள் ஒன்றையொன்று அணைத்திருப்பது போலத் தோன்றுகின்றன. பிரிந்து மீண்டும் சேர்ந்த இரட்டையரைப் பார்ப்பவர்கள் அவற்றில் காண்கிறார்கள். பொருளை உள்ளே பொதிந்து பாதுகாக்கும் அந்தக் கை, பறிகொடுத்தவரின் கை அல்லவா!

1999இல் அவரது கண்காட்சி நடந்தது. அவ்வாண்டே கலை வரலாற்றறிஞர் ஜோன் மெக்ரேகர் அவரைப் பற்றி நூலொன்றும் எழுதினார். ஏறத்தாழ 200 படைப்புகளை விட்டுவிட்டு, 2005 மார்ச் மாதம், தமது 61ஆம் வயதில் ஜூடித் கண்மூடினார். நியூயோர்க்கின் நவீன கலை நூதனசாலையில் இன்று அவரது படைப்பு இருக்கிறது. புரூக்ளின் நூதனசாலை 2014இல் அவருக்கெனத் தனிக் கண்காட்சி நடத்தியது. 2017இல் வெனிஸ் நகரின் சர்வதேசக் கலைக் கண்காட்சியிலும் அவரது படைப்புகள் இடம்பெற்றன.

தாய்மாரே, தந்தையரே!

டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் பலருக்குக் காது கேட்பதில் குறைபாடு காணப்படுகிறது. பிறந்த குழந்தைக்கே வலியின்றிச் செவிப்புலனைச் சோதிக்கும் வசதி இன்று உண்டு. உங்கள் வீட்டிலோ அயலிலோ பேச்சு வராத பிள்ளை இருந்தால், முதலில் வைத்தியரிடம் காட்டிக் காதைச் சோதியுங்கள். ஒரே சோதனையை வைத்து அதன் வாழ்வுக்குத் தீர்ப்பெழுத எவரையும் விடாதீர்கள்.

விருந்தாளி வரும்போது அப்பிள்ளையை உள்ளறைக்கு அனுப்பாதீர்கள். அதன் கைக்கு எட்டும் இடத்தில் நூலோ களிமண்ணோ வண்ணமோ வையுங்கள். இப்படிச் செய், அப்படிச் செய் என்று சொல்லாமல் பக்கத்தில் இருங்கள். ஒரு மாதத்தில் ஒன்றும் நடக்காதிருக்கலாம். ஒரு வருடத்திலும் நடக்காதிருக்கலாம். ஜூடித்துக்கு இரண்டு வருடங்கள் எடுத்தன. காத்திருக்க ஒரு சகோதரி இருந்தார்.